75 பிஎஸ் டீசல் காரை 100 பிஎஸ் ஆக்கலாமா?

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் வைத்திருக்கிறேன். 1,28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து ஓசூர் போய் வருகிறேன். சில நேரம் குடும்பத்தோடு பெங்களூரு வரை போவோம். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறி, ஏசியும் போட்டுவிட்டால் தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ரொம்பத் திணறுகிறது. லாரியை ஓவர்டேக் செய்யப் பயமாக இருக்கிறது. எஞ்சின் கணினியை ரீமேப் செய்தால், அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதினால், 100 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க் வரும், மைலேஜும் கூடும் என்கிறார் நண்பர். இதே எஞ்சின் எர்டிகாவில் 90 பிஎஸ் தருகிறதே, அப்படியென்றால் என் வண்டியும் தாங்கும்தானே? என் மைத்துனர் தன் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காருக்குச் செய்துவிட்டார், இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் மெக்கானிக் அண்ணன், "எஞ்சின் ஆயுசு போயிடும், வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை மெக்கானிக் சொல்வதுதான் சரி. ஆனால் நண்பர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குறிப்பாக அந்த எர்டிகா கேள்வி நல்ல கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்ட்டிஜெட் எஞ்சின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களில் இது நம் ஊரில் ஓடியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) மாசு விதி வந்தபோதுதான் மாருதி டீசலையே நிறுத்தியது. உங்கள் டிசையரில் இந்த எஞ்சின் 75 பிஎஸ், 190 என்எம். எர்டிகாவில் 90 பிஎஸ், 200 என்எம். ஃபியட் லீனியாவிலும் புன்ட்டோவின் 90 எச்பி மாடலிலும் 93 பிஎஸ், 209 என்எம்.

எல்லோரும் பிஎஸ்-ஐத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் என்எம்-ஐ, அதாவது டார்க் என்னும் இழுவிசையைப் பாருங்கள். எஞ்சினை வடிவமைத்தவர்களே பவரை 20 சதவீதம் கூட்டியபோது டார்க்கை ஐந்து சதவீதம்தான் கூட்டினார்கள். லீனியாவில்கூடப் பத்து சதவீதம்தான். உங்கள் நண்பர் சொல்லும் 250 என்எம் என்பது 32 சதவீதம் அதிகம். எர்டிகாவை உதாரணம் காட்டி அதைவிட 50 என்எம் அதிகமாக ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். எர்டிகா தாங்குகிறது என்பது இதற்கு ஆதாரமே ஆகாது.

டார்க் என்பது பிஸ்டன் தலையில் விழும் அடி. கணக்காகவே பார்க்கலாம். 1,248 சிசி எஞ்சின் 190 என்எம் தருகிறது என்றால், சிலிண்டருக்குள் சராசரியாக 19 பார் அழுத்தம் வேலை செய்கிறது என்று பொருள். 200 என்எம் என்றால் 20 பார். 250 என்எம் என்றால் 25 பார். இது சராசரிதான். எரியும் அந்த நொடியில் வரும் உச்ச அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அதைத் தாங்க வேண்டியவை ஹெட் கேஸ்கெட், கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங் எல்லாம்.

பவர் வேறு கணக்கு. டார்க்கையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவது பவர். 75 பிஎஸ் எஞ்சின் 4,000 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு 4,000 சுற்றில்) தருவது சுமார் 132 என்எம். 90 பிஎஸ் எஞ்சின் அதே 4,000-இல் தருவது 158 என்எம். அதாவது எர்டிகாவில் கூட்டியது மேல் சுற்றில். அங்கே எஞ்சின் ஏற்கெனவே உச்ச டார்க்குக்கு வெகு கீழே இருக்கிறது, கூட்ட இடம் இருந்தது. அதற்காக எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றினார்கள். எர்டிகாவில் இருப்பது விசிறி இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ. உங்களிடம் இருப்பது கோணம் மாறாத சாதாரண டர்போ. மென்பொருளை மாற்றினால் இந்த டர்போ அந்த டர்போ ஆகிவிடாது.

சரி, அந்தச் சின்ன டர்போவை வைத்துக்கொண்டு 100 பிஎஸ் எடுக்க என்ன செய்வார்கள்? டர்போ காற்றைத் தள்ளும் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டுவார்கள், டீசலைக் கூட்டுவார்கள். இந்த அளவு டர்போக்கள் வழக்கமாகவே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றை ஒட்டிச் சுற்றுபவை. அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அது தள்ளும் காற்று கூடுவதைவிட அந்தக் காற்றின் சூடுதான் அதிகம் கூடும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. டீசல் மட்டும் கூடிக்கொண்டே போகும். அதுதான் பின்னால் கரும்புகையாக வருகிறது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் கொஞ்சம் அதிகமானால் அறை குளிரும். டீசலில் நேர் எதிர், எரிபொருள் கூடக் கூடச் சூடு ஏறும்.

இனி தேய்மானத்துக்கு வருகிறேன். முதலில் காட்டிக்கொடுப்பது கிளட்ச். எஞ்சினின் உச்ச டார்க்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்படிதான் கம்பெனி கிளட்ச்சைக் கொடுக்கும். புது கிளட்ச்சில் அந்தக் கையிருப்பு இருக்கும். 1,28,000 கி.மீ. ஓடிய கிளட்ச் இன்னும் மாற்றப்படவில்லை என்றால், அந்தக் கையிருப்பை நீங்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். ரீமேப் செய்த சில வாரங்களில் "கிளட்ச் போயிடுச்சு சார்" என்று வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். எஞ்சினைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது கியர்பாக்ஸ் பேரிங். பால் பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு பழைய, நிலையான விதி இருக்கிறது: சுமை கூடும்போது அதன் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஆயுள் குறையும். சுமை 1.32 மடங்கு என்றால் ஆயுள் 2.3-ஆல் வகுபடும். பாதிக்கும் கீழே. முழு டார்க்கில் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க முழு டார்க்கில் யாரும் ஓட்டுவதில்லை.

உங்கள் எஞ்சினில் நான் மிகவும் கவலைப்படுவது எஞ்சின் ஆயிலையும், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினையும்தான். இந்த மல்ட்டிஜெட்டில் பெல்ட் கிடையாது, செயின். ஆயில் சரியாக மாற்றப்பட்ட வண்டிகளில் அது நீண்ட நாள் ஓடும். ஆயிலைக் கவனிக்காத வண்டிகளில் செயின் நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி "கடகட" என்று சத்தம் கேட்கும். சரியாக எரியாத டீசலின் கரி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்குகிறது. அந்தக் கரித்துகள் ஆயிலில் மிதந்துகொண்டே செயினின் ஒவ்வொரு பின்னையும் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். கரும்புகை விடும் ரீமேப், பின்னால் வரும் வண்டிக்காரருக்கு மட்டுமான தொந்தரவு இல்லை; அதே கரி உங்கள் ஆயிலிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. டர்போவின் தண்டு மிதப்பதும் அதே ஆயிலில்தான். ஆயில் கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும்.

தொப்பூர் ஏற்றத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது முக்கியமான விவரம். சமவெளியில் ஒரு லாரியைத் தாண்ட ஆறேழு விநாடி முழுதாக மிதிக்கிறீர்கள் என்றால், பிஸ்டனும் ஹெட்டும் டர்போ உறையும் முழுச் சூடு ஏறுவதற்குள் காலை எடுத்துவிடுவீர்கள். ஏற்றத்தில் அப்படியில்லை. ஐந்து பேர், லக்கேஜ், ஏசி, ஏப்ரல் மாத வெயில், மூன்றாவது கியரில் நிமிடக்கணக்கில் அழுத்தியபடியே ஏற்றம். அப்போது சூடு சேர்ந்துகொண்டே போகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. 300 டிகிரியைத் தாண்டினால் அதன் வலிமை வேகமாகக் குறையும். பந்தயத் தடத்தில் ஒரு சுற்று ஓடிக் காட்டுவதைவிட, தர்மபுரி நோக்கி ஏறும் நம் குடும்பக் கார் எஞ்சினுக்குக் கடினமான சோதனை. ரீமேப் செய்து தரும் டியூனரோ பெரும்பாலும் தன் கடை வாசலில் இருக்கும் நேர்சாலையில், தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுக்கிறார்.

கீழ்ச் சுற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. கிராங்க் பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். தண்டு வேகமாகச் சுற்றினால்தான் அந்தப் படலம் நன்றாக உருவாகும். 1,400, 1,500 ஆர்பிஎம்-இல் நான்காம் கியரில் வைத்துக்கொண்டு முழுதாக மிதித்தால், அடி பெரிது, படலம் மெலிது. ரீமேப் செய்தவர்கள் பெருமையாகச் சொல்வதே "கியரே மாத்த வேணாம், அப்படியே இழுக்குது" என்பதுதான். அந்தப் பழக்கம்தான் பேரிங்கைத் தின்னும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரீமேப் செய்து ஒரு லட்சம் கி.மீ. பிரச்சினையில்லாமல் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நம்புகிறேன். உங்கள் கார் சமமான சாலையில் 90, 100 கி.மீ. வேகத்தில் ஓடச் சுமார் 20 பிஎஸ் போதும். அப்போது எஞ்சினுக்குள் நடப்பது ரீமேப்புக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் தேய்மானம் எல்லாம் முழுதாக மிதிக்கும் நேரத்தில்தான். ஆகவே குறைவாக ஓடிய, ஒழுங்காகப் பராமரித்த, பெரிய டர்போ உள்ள வண்டியில், அளவோடு செய்த ரீமேப்பை நிதானமாக ஓட்டும் ஒருவர் கையில் கொடுத்தால் ஆயுள் பெரிதாகக் குறையாது. உங்கள் வண்டியில் இவற்றில் பல இல்லை என்பதுதான் என் பதிலுக்குக் காரணம்.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டேஷ்போர்டில் தெரியும் மைலேஜை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினி தான் அனுப்பச் சொன்ன டீசல் அளவை வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. ரீமேப்பில் அந்தக் கணக்கின் அடிப்படையையே மாற்றியிருக்கலாம். தனியாக மாட்டும் டியூனிங் பாக்ஸில் இது இன்னும் மோசம். இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சார் சொல்லும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, கணினியை ஏமாற்றி அழுத்தத்தைக் கூட்ட வைக்கிறது அந்தப் பெட்டி. கணினிக்குத் தெரியாமல் கூடுதல் டீசல் போகிறது, திரையில் மைலேஜ் கூடியதாகத் தெரிகிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். ஏற்கெனவே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இப்படிப் பொய்த் தகவல் கொடுப்பதை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல ரீமேப் வேறு, இந்தப் பெட்டி வேறு.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை. வண்டி திணறுகிறது என்கிறீர்கள். 2014-இல் வாங்கியபோதும் இப்படித்தான் திணறியதா? இல்லை என்றால், உங்களுக்கு வேண்டியது 100 பிஎஸ் இல்லை, காணாமல் போன பழைய 75 பிஎஸ். இந்த வயதில் இந்த எஞ்சின்களில் பவர் குறைய வழக்கமான காரணங்கள் இருக்கின்றன. டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே பூஸ்ட் கசிந்து இழுவை போய்விடும். ஹோஸைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி பிடித்து முழுதாக மூடாமல் இருக்கலாம். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஸ்கேனர் மாட்டி ஓட்டச் சொல்லி, கணினி கேட்கும் பூஸ்ட் அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் ஒத்துப்போகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று மட்டும் டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்பினால் அது தேய்ந்துவிட்டது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் ஏற்றத்தில் இப்படித்தான் இருக்கும். இறங்கி நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், தாங்க முடியாத சூடு எதில் என்று தெரிந்துவிடும்.

கிளட்ச்சை நீங்களே சோதிக்கலாம். காலியான சாலையில் ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்-இல் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. அந்த நிலையில் ரீமேப் பேச்சே வேண்டாம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் போதவில்லை என்று தோன்றினால், எனக்குப் பிடித்த வழி நல்ல நிலையில் இருக்கும் 90 பிஎஸ் வண்டிக்கு மாறுவது. தொழிற்சாலையிலேயே பொருத்தமான டர்போவோடு வந்தது அது. அப்படியும் இதே காரில் ரீமேப்தான் செய்வேன் என்றால், முன்னாடியே புது கிளட்ச் போடுங்கள். உச்ச டார்க் 215 என்எம் பக்கம் நிற்கட்டும், அதுவும் 2,000 ஆர்பிஎம்-க்கு மேல்தான் வரட்டும் என்று கேளுங்கள். கரும்புகையைத் தடுக்கும் வரம்பையும், கூலன்ட் சூடானால் டீசலைக் குறைக்கும் வரம்பையும் தொடவே கூடாது என்று சொல்லுங்கள். இந்த வார்த்தைகளைக் கேட்டதும் முகம் சுளிக்கும் டியூனரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கணினியில் இருந்த பழைய மென்பொருள் ஃபைலின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ஆயிலை 5,000 கி.மீ.-க்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்றம் முடிந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். டர்போவில் நிற்கும் ஆயில் கருகாமல் இருக்கும்.

இஜிஆரை அடைத்துத் தருகிறேன் என்று இலவசமாக ஒரு வேலையும் சேர்த்துச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அது நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பெரிய விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் இதைக் கேள்வியாக எழுப்ப முடியும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

மைத்துனருக்கும் ஒரு வார்த்தை. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் கீழ்ச் சுற்றில் அதிக டார்க் கேட்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. ஒரே ஒரு பலமான அடியில் பிஸ்டன் ரிங் மேடு உடைந்துபோகலாம். அதைக் குறைக்கத்தான் 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயிலில் தனியாகச் சோதனை வைத்திருக்கிறார்கள். அந்தத் தரமோ, கார் கையேடு சொல்லும் அதைவிட உயர்ந்த தரமோ உள்ள ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ரீமேப் எழுதினார்கள் என்று கேட்டு, அதற்குக் குறைந்த பெட்ரோலைப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2,000-க்குக் கீழே முழுதாக மிதிக்காமல் கியரைக் குறைத்துவிட்டு ஏறட்டும்.

நீங்களும் தொப்பூரில் அதையே செய்யுங்கள். உங்கள் எஞ்சினின் இழுவை 2,000 ஆர்பிஎம்-ஐச் சுற்றித்தான் இருக்கிறது. லாரியை நெருங்குவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து 2,200, 2,500-இல் வைத்துக்கொண்டு, சாலை தெளிவாக இருந்தால் தாண்டுங்கள். லாரிக்குப் பின்னால் 1,500-க்கு விழுந்த பிறகு மிதித்தால் டர்போ எழுந்து வருவதற்குள் இடைவெளி போய்விடும். பூஸ்ட் அளவும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவும் எடுத்த பிறகு அந்த எண்களை அனுப்புங்கள், எதை முதலில் மாற்றுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.